ராஜாவூட்டக்கா

ராஜாவூட்டக்காவிடம் ஒரு டம்ளர் சர்க்கரை கேட்டுப் போகக் கூடாது. போனால், மாடியில் அடுப்பின் மேல் வைத்துவிட்டு வந்த டீத்தண்ணீர் சுண்டிப் பாத்திரம் கருகின பிறகுதான் திரும்பி வர முடியும். சர்க்கரை டப்பா அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். ஆனாலும் "இரு" என்பாள். செய்துகொண்டிருக்கும் வேலையை முடிப்பாள், கையைக் கழுவுவாள், முந்தானையில் துடைப்பாள், நம் முகத்தை ஒரு தரம் நிதானமாகப் பார்ப்பாள், அப்புறம்தான் எழுந்திருப்பாள். நான் சர்க்கரைக்குத்தான் வந்தேனா, புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்தேனா என்பதெல்லாம் அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது நாங்கள் விம்கோ நகரில் இருக்கிறோம். அப்போது ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில், அவள் வீட்டு மாடியில் குடியிருந்தோம். நான் மிஷின் போட்டு ப்ளவுஸும் நைட்டியும் தைத்துக்கொண்டிருந்தேன். மாடியில் வெக்கை தாங்காது. ஹெம்மிங், கொக்கி வைப்பது போன்ற கைவேலைகளைக் கீழே அவள் கூடத்தில் உட்கார்ந்துதான் செய்வேன். அதனால் அந்த வீட்டில் நடந்ததில் முக்கால்வாசி என் கண்ணெதிரே நடந்தது. அவளுடைய சொந்தப் பெயரை எழுதப் போவதில்லை. சந்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதுமில்லை. அந்த வீடு ராஜா வூடு, அவள் ராஜாவூட்டக்கா, அவ்வளவுதான்.

ராஜா என்பது கூடத்துச் சுவரில் இருந்த ஒரு படம். முட்டை வடிவத்தில், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். காகிதமில்லை, துணியில்லை. தொட்டால் பீங்கான் தட்டு மாதிரி ஜில்லென்றிருக்கும். அதில் நாலைந்து வயதுப் பிள்ளை ஒன்று. சிவப்பு வெல்வெட் கோட்டு, கழுத்தைச் சுற்றி வெள்ளை லேஸ், தோளிலிருந்து குறுக்கே நீலப் பட்டை, மார்பில் தங்க நட்சத்திரம், சுருட்டை முடி. இடது கை இடுப்பில். வலது கையில் உருண்டையாக ஒன்று. சட்டத்தின் மேல் யாரோ ஜிகினாக் காகிதத்தில் கிரீடம் வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

ராஜ உடுப்பில் கையில் உலகத்தை ஏந்தி நிற்கும் குழந்தை இயேசுவைத் தெரியாதவர்கள் அந்தச் சந்தில் கிடையாது. அக்காவின் மாமனார் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். எந்தக் காலத்திலோ ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரன் அவருக்கு இதைக் கொடுத்தானாம். பார்த்த மாத்திரத்தில் குழந்தை இயேசுதான் என்று மனிதர் கப்பல் தளத்திலேயே முழங்கால் போட்டுவிட்டாராம். அன்றிலிருந்து அதன்முன் மெழுகுவத்தி. நான் திருவொற்றியூரில் கோயில் மாடவீதியில் வளர்ந்தவள். எனக்குப் படம் என்றால் பூ வைக்க வேண்டும். வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒரு முழம் மல்லிகையில் பாதியை ராஜாவுக்குக் கிள்ளிக் கொடுப்பேன். அக்கா அதையும் வாங்கிப் படத்துக்குப் போட்டுவிடுவாள்.

ராஜாவின் பேர் பரவியது சத்தியத்தினால். சந்தில் ஒரு பொருள் காணாமல் போனாலும், ஒருத்தி மேல் இல்லாத பழி வந்தாலும், கடைசியில் "ராஜா மேல கைய வெச்சு சொல்லு" என்பதில்தான் வந்து நிற்கும். மற்ற பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக் கழித்துவிடலாம், ராஜாவிடம் சொன்ன பொய் குடும்பத்தையே பிடிக்கும் என்று பயம். பங்குச் சாமியார் ஒரு தரம் நேரிலேயே வந்து, ஆணையிடுவது பாவம், இதையெல்லாம் நிறுத்துங்கள் என்றார். "இருங்க சாமி, டீ போடறேன்" என்று உள்ளே போனவள், டீயோடு வர எடுத்துக்கொண்ட நேரத்தில் அந்தக் கூடத்துக்குச் சண்டையோடு வந்து சமாதானமாகிப் போனவர்களை அவரே பார்த்தார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவள் சத்தியம் வாங்கும் முறையே தனி. வந்தவுடனே கையை வைக்க விடமாட்டாள். மெழுகுவத்தி ஏற்றுவாள். சத்தியம் பண்ண வேண்டியவரைப் பாயில் உட்கார வைப்பாள். "இரு" என்பாள். பக்கத்தில் ஒரு அன்னக்கூடை நிறைய இறாலை வைத்துக்கொண்டு உரிக்க ஆரம்பிப்பாள். அதுதான் அவள் பிழைப்பு. காசிமேட்டு வியாபாரிக்கு உரித்துக் கொடுப்பாள். கூடை தீருகிற வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது. தலையைக் கிள்ளுகிற சத்தமும் ஓடு விழுகிற சத்தமும்தான் கேட்கும். எதிரில் அந்தப் பிள்ளை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். எந்தக் குற்றமும் செய்யாத எனக்கே ஊசி கைதவறிக் குத்தும்.

ஒரு மாமியாரின் கொலுசு காணாமல் போய், பழி மருமகள் மேல் விழுந்தது. மருமகளை உட்கார வைத்தார்கள். பாதிக் கூடை ஆகியிருக்கும், வாசலில் நின்றிருந்த அவள் புருஷன், "போதுங்க்கா, நான்தான் எட்தேன்" என்று தரையில் குந்திவிட்டான். அவனை யாரும் சந்தேகப்படவே இல்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது என் புருஷன், "அந்தப் படத்துக்கு சக்தி கீது" என்றார். எனக்கென்னவோ சக்தி இறால் கூடையில் இருப்பதாகத்தான் பட்டது. வெளியே சொல்லவில்லை.

அக்காவுக்கு ஒரே மகன். புருஷன் போன பிறகு இறால் உரித்தே வளர்த்தாள். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். நல்ல பையன், கலகலப்பானவன். ஆனால் அம்மாவுக்கு நேர் எதிர், எதற்கும் ஒரு நிமிஷம் நிற்கமாட்டான். சட்டைப் பொத்தானைப் படியிறங்கிக்கொண்டே போடுவான். அவனுக்குப் பெண் பார்த்து நிச்சயம் ஆகியிருந்த சமயம் அது.

அப்போதுதான் பழைய சாமான் வாங்கி விற்கிற ஒருவர் சந்துக்கு வந்தார். பக்கத்து வீட்டில் ஒரு தேக்கு அலமாரி பார்க்க வந்தவரை, ராஜாவையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று யாரோ இழுத்து வந்துவிட்டார்கள். அழைத்து வந்தவர் உடனே போய்விட்டார். கூடத்தில் நானும் அக்காவும்; வாசற்படியில் அவள் மகன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். அந்த மனிதர் அனுமதி கேட்டுப் படத்தை இறக்கி, பின்பக்கம் பார்த்தார், விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார்.

"அம்மா, இது பீங்கான். கையால வரைஞ்சு சூளையில சுட்டிருக்காங்க. ரொம்பப் பழசு, நல்ல வேலை. ஏதோ ஒரு ஐரோப்பிய ராஜாவோட பிள்ளை. விக்கிறதா இருந்தா சொல்லுங்க" என்றார்.

"அது கொயந்த ஏசு தம்பி" என்றாள் அக்கா. "கையில உலகம் கீது பாருங்க."

"உலகம் இல்லம்மா, பந்து. விளையாடுற பந்து. தையல் தெரியுது பாருங்க."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அத்தனை நாள் பூ கொடுத்தும் அவ்வளவு கிட்டே பார்த்ததில்லை. தையல்தான். தோலை இழுத்துப் பிடித்துப் போட்ட குறுக்குத் தையல், பல் பல்லாக. அதைத் தையல் இல்லையென்று சொல்ல என்னால் முடியாது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"விக்கிறதுக்கு இல்ல" என்று அவரை அனுப்பிவிட்டாள். மகன் படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். "இத்தினி நாளா பந்தாடற பையனுக்கா மெய்வத்தி ஏத்திகினு இருந்த? நம்ம சந்தே அவனுக்குத்தான் பயந்து சாவுது."

"வெளிய சொல்லாத" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "நீயும்தாமே."

மெழுகுவத்தி தொடர்ந்து எரிந்தது. ஆனால் அடுத்த வாரம் ஒரு ஜோடி சத்தியத்துக்கு வந்து நின்றபோது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகிறேன், அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். சுண்ணாம்பு அடிக்கவில்லை. யாரையும் பாயில் உட்கார வைக்கவும் இல்லை. இறாலை மட்டும் உரித்துக்கொண்டு, அவ்வப்போது சுவரை நிமிர்ந்து பார்ப்பாள். பொய் வைத்துப் பிழைக்கத் தெரியாதவள் அவள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பிறகுதான் யார்டில் அந்த விபத்து. மகன் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, பின்னால் நின்று கைகாட்டுகிறவன் வண்டிக்கும் கன்டெய்னருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். அவனும் எங்கள் சந்துக்காரன்தான், மகனோடு சின்ன வயதிலிருந்து சேர்ந்து சுற்றியவன். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் சொன்னது, "நான் நில்லு நில்லுன்னு கை காட்னேன், அவன் போனை பாத்துகினு இருந்தான்." அக்காவின் மகன் சொன்னது, "அவன்தான் வா வான்னு காட்னான்." அந்த மூலையில் கேமரா இல்லை. பார்த்தவர்களும் இல்லை.

யார்டு மேனேஜர் கணக்காகப் பேசினாராம். ஓட்டினவன் தன் தப்பை ஒத்துக்கொண்டால் அடிபட்டவனுக்கு வைத்தியச் செலவும் அவன் மனைவிக்கு ஒரு வேலையும் தருவோம், ஓட்டினவன் மேல் கேஸ் கொடுப்போம். இல்லையென்றால் கைகாட்டினவன் கவனமில்லாமல் நின்றான் என்று எழுதி முடித்துவிடுவோம்.

அடிபட்டவனின் மனைவி ஒரு சாயங்காலம் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. பின்னால் சந்தே வந்தது. கூடத்தில் இடமில்லாமல் வாசலிலும் ஜன்னலிலும் நின்றார்கள். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை.

"அத்தே, எனக்கு யாரை நம்பறதுன்னு தெர்ல. அண்ணன் ராஜா மேல கைய வெச்சு சொல்லட்டும். அவரு வா வான்னு காட்னாருன்னு சொல்லிட்டா, நான் வாயை மூடிக்கினு போறேன். என் வூட்டுக்காரரையும் அதோட வுட்டுட சொல்றேன்."

அந்தக் கூட்டத்தில் மூன்று பேருக்குத்தான் ராஜா யார் என்று தெரியும். எனக்கு, அக்காவுக்கு, உள்ளறைக் கதவில் சாய்ந்து நின்ற அவனுக்கு. நான் அவனைத்தான் பார்த்தேன். அவன் முகத்தில் பயம் இருந்தது, அது விபத்து நடந்த நாளிலிருந்தே இருந்த பயம். அந்தப் பெண் சத்தியம் கேட்டதும் அது கொஞ்சம் இறங்கினதை நான் என் கண்ணால் பார்த்தேன். அக்காவும் பார்த்திருப்பாள். அதைப் பார்ப்பதுதானே அவள் வேலை.

அவள் மெழுகுவத்தி ஏற்றினாள். பாயை விரித்தாள். மகன் வந்து உட்கார்ந்தான். "இரு" என்றாள்.

இறால் கூடையை எடுக்கவில்லை. சுவரோரம் வெறுமனே உட்கார்ந்துகொண்டாள், கைகளை மடியில் கோத்துக்கொண்டு. அவள் கை சும்மா இருந்து நான் பார்த்தது அன்றுதான். கைக்குழந்தை மட்டும் ஏதோ முனகியது. எனக்கு இரண்டு பக்கமும் மனசு அடித்துக்கொண்டது. ஒரு வார்த்தை அவள் பேசாமல் இருந்தால் போதும், பிள்ளை தப்பித்துவிடுவான், கல்யாணம் நடக்கும், கையில் லைசென்ஸ் இருக்கும். அந்தப் பெண் சொன்ன சொல்லை மீறமாட்டாள். பேசாமல் இருந்துவிடேன் என்று எனக்குள் ஒன்று சொன்னது. இன்னொன்று, எழுந்து நீயாவது சொல்லித் தொலை என்றது.

அவனால் அன்றும் பொறுக்க முடியவில்லை. "நான் சொல்லிட்றேன்ம்மா" என்று சட்டென எழுந்து படத்தை நோக்கிக் கையை நீட்டினான். அந்தக் கூடத்தில் ராஜாவைத் தொடப் போன எத்தனையோ கைகளை நான் பார்த்திருக்கிறேன். நிரபராதியின் கைகூட நடுங்கும். இவன் கை சுவிட்சைப் போடப் போவது போல நேராகப் போனது.

அக்கா எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது ஏசு இல்ல" என்றாள்.

சுவரிலிருந்து படத்தை இறக்கினாள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"இது யாரோ ஒரு வெளிநாட்டு ராஜாவூட்டுக் கொயந்த. கையில கீறது பந்து. தெரிஞ்சவர் ஒருத்தர் வந்து பாத்து சொன்னாரு. எனக்குத் தெரியும். தோ இந்த டெய்லருக்குத் தெரியும். இவனுக்கும் தெரியும். அதனாலதான் கைய வெக்க வரான். இவன் இதும்மேல சத்தியம் பண்ணா செல்லாது."

கூட்டத்தில் சலசலப்பு கிளம்பியது. கொலுசு எடுத்தவன் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தான். "அப்போ எங்களையெல்லாம் பந்துக்காரன்கிட்டயா உக்கார வெச்ச?" என்றான். ஒரு வயசான அம்மாள், "கலீஜ் பண்ணிட்டியேடி, நாங்க முட்டி போட்டு கும்பிட்டமே" என்று மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னும் என்னென்னவோ சொன்னார்கள். அக்கா படத்தை என்னிடம் கொடுத்துவிட்டு மகனைத் தோளைப் பிடித்து அந்தப் பெண்ணுக்கு நேராகத் திருப்பினாள்.

"இப்போ எந்த சாமியும் இல்ல நைனா. சத்தியமும் வாணாம். அவ மூஞ்சியப் பாத்து சும்மா சொல்லு."

அவன் பார்த்தான். அவள் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவனையே பார்த்தாள். "சொல்லுண்ணா" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. அவன் அம்மா பக்கம் திரும்பப் பார்த்தான். அக்கா தோளை விடவில்லை.

"அவன் நில்லுன்னு காட்னானா, வான்னு காட்னானான்னு எனக்குத் தெர்லம்மா" என்றான். "நான் பாக்கவே இல்ல. எனக்கு நிச்சயம் பண்ண பொண்ணு மெசேஜ் அனுப்பிச்சிருந்துச்சு, அதைப் படிச்சிகினே ரிவர்ஸ் எட்தேன்."

அப்படியே பாயில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அந்தப் பெண் குழந்தையோடு வெளியே போனாள். கூட்டமும் அவள் பின்னாலேயே போனது. போகும்போது ஒருவர்கூட அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ராத்திரி முழுக்கக் கீழே பேச்சுக்குரல் கேட்டது. பேச்சு அவனுடையதுதான். "இங்க சொன்னது சொன்னதுதான், ஆனா யார்டுல வந்து சொல்ல மாட்டேன். என்னை ஜெயில்ல போட்டாதான் உனக்கு நிம்மதியா? நீ பெத்த அம்மாதானே?" அவள் சொன்ன பதில் எனக்குக் காதில் விழவில்லை. விடிந்தபோது அவன் வீட்டில் இல்லை. திருவொற்றியூரில் சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான், போனையும் அணைத்துவிட்டான். நிச்சயம் பண்ணின பெண் வீட்டிலிருந்து காலையிலேயே ஆள் வந்து, வாசலில் நின்றபடியே, இனி சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு குளித்துவிட்டு, கோயிலுக்குக் கட்டுகிற வெளிர்நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "நீயும் வாமே, எனக்கு யார்டுக்குப் போற பஸ்ஸு தெரியாது" என்றாள். இரண்டு பேரும் அடிபட்டவன் வீட்டுக்குப் போய் அவன் மனைவியைக் கூட்டிக்கொண்டோம். அவள் முதலில் தயங்கினாள். "அண்ணன் வராம நாம போய் இன்னா அத்தே பண்றது?" என்று கேட்டாள். அக்கா அவளிடமிருந்து குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பஸ்ஸில் வழியெல்லாம் லாரிகள் மறித்தன. எண்ணூர் தாண்டிக் காற்றில் சாம்பல் வாடை வந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அக்கா, நல்லா யோசிச்சியா? அவன் உன் பிள்ளை" என்றேன். எனக்கு அவள் மேல் அப்போது கோபம்தான் அதிகம் இருந்தது. இவ்வளவு தூரம் எந்த அம்மா போவாள்? அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "கால் போயி கெடக்கறானே, அவனும் எங்கூட்ல சோறு துன்னு வளந்தவன்தாமே" என்றாள். குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டது.

யார்டு கேட்டில் செக்யூரிட்டி எங்களை வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே போன் பேசினான். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. ஒவ்வொரு லாரியும் கடக்கும்போது அக்கா குழந்தையின் தலையை முந்தானையால் மூடினாள். கடைசியில் மேனேஜர் கையில் ஃபைலோடு கேட் வரைக்கும் வந்தார். அடிபட்டவனின் மனைவியை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"ஓட்டினவன் ஒத்துக்கிட்டா பேசலாம்னு சொல்லியிருக்கேனேம்மா. அவன் வரலியே" என்றார்.

"அவன் வர மாட்டான் சார். அவன் ஒத்துக்கினத நான் கேட்டேன். போனை பாத்துகினே வண்டிய எட்தேன்னு என் முன்னாடி சொன்னான். எங்க வேணாலும் வந்து சொல்றேன்" என்றாள் அக்கா.

மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார். தோளில் தூங்கும் குழந்தையைப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா? அடிபட்டவனோட அம்மாவா?"

"இல்ல சார்" என்றாள். குழந்தையை அதன் அம்மாவின் கையில் கொடுத்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வண்டிய ஓட்னான் இல்ல, அவனோட அம்மா."